கழுத்தைச் சொடுக்கும் பழக்கம்: ஒரு சிந்தனை

தமிழில் 'முறித்தல்' என்னும் சொல்லுக்கு உடைத்தல், ஒடித்தல் என்பனவே முதன்மையான பொருள்கள். கிளையை முறிக்கிறோம், உறவை முறிக்கிறோம், உடன்படிக்கையை முறிக்கிறோம். இவ்வாறு பெரும்பாலும் கேடு குறித்து வழங்கும் இச்சொல் ஓரிரண்டு இடங்களில் மட்டும் இன்பம் குறித்து நிற்கக் காண்கிறோம். அவற்றுள் ஒன்று சோம்பல் முறித்தல். மற்றொன்று நெட்டி முறித்தல். குழந்தையின் கன்னங்களை இரு கைகளாலும் வழித்து, அக்கைகளைத் தம் நெற்றிப் பொட்டில் வைத்து விரல்களை நெட்டி முறிக்கும் பாட்டிமாரைச் சமய வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். எத்தனை நெட்டி விழுகின்றதோ அத்தனை கண்ணேறு கழிந்தது என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கை மார்க்கம் ஏற்குமா என்பது வேறு வினா. அதனால் எவருக்கும் உடற்கேடு விளைந்ததில்லை என்பது மட்டும் உறுதி.

விரலில் இருந்த அந்த நெட்டி இப்போது கழுத்துக்கு ஏறிவிட்டது என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். பருவத் தேர்வின்போது அறைக் கண்காணிப்பாளராக நிற்கும் ஆசிரியர் எவரும் இதனை உணர்ந்திருப்பர். முதல் ஒரு மணி நேரம் எழுதுகோல் ஓடும் ஓசை தவிர வேறொன்றும் கேளாது. பின்னர் ஒரு மாணவர் நிமிர்வார். ஒரு கையால் தாடையையும் மறுகையால் உச்சந்தலையையும் பற்றி 'வெடுக்'கெனத் திருப்புவார். மளுக் என்று ஓர் ஓசை எழும். கொட்டாவி தொற்றுவதுபோல் அடுத்த வரிசையிலும் அவ்வோசை கேட்கும்; பிறகு மூலையிலிருந்தும் கேட்கும். அண்மையில் ஒரு தேர்வறையில் மூன்று மணி நேரத்தில் பதினெட்டு முறை எண்ணினேன். எழுதியவர்கள் எல்லாரும் இருபது வயதைச் சுற்றியவர்கள்.

எண்ணிய எனக்கு அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி நெடுங்காலம் இருந்ததில்லை. முதுகலை பயின்ற நாளில் விடுதித் தோழர் ஒருவரிடமிருந்து இப்பழக்கம் என்னைத் தொற்றியது. ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டை எழுதிய ஓராண்டில் அது வேரூன்றியது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை கழுத்தைச் சொடுக்காவிடில் ஏதோ ஒரு கடமையைத் தவறவிட்டதுபோல் இருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு மாலைப்பொழுதில் வழக்கம்போல் இடப்புறம் சொடுக்கினேன். ஓசை எழுந்தது, அதனோடு அறையும் ஒருமுறை சுழன்றது. கையிலிருந்த விடைத்தாளின் வரிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் சரியாயிற்று. எனினும் இல்லத்தார் விடவில்லை. மூளை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். படம் எடுத்துப் பார்த்தனர். இறையருளால் குறையேதும் இல்லை. அம்மருத்துவர், "உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படியே இருக்கும் என்று எழுதித்தர என்னால் முடியாது" என்றார். அன்றுமுதல் இதுபற்றித் தேடிப் படித்ததன் பயனே பின்வருவன.

முதலில் அவ்வோசை யாதெனக் காண்போம். எலும்போடு எலும்பு உரசுவதால் எழுவது என்று பலரும் நினைக்கின்றனர்; அது பிழை. அசையும் மூட்டுகளைச் சுற்றி ஓர் உறை உண்டு. அவ்வுறைக்குள் முட்டையின் வெண்கருவை ஒத்த வழவழப்பான மூட்டுநீர் உண்டு. மூட்டை இழுக்கும்போதோ திருகும்போதோ உள்ளிடம் சட்டென விரிகிறது, அழுத்தம் குறைகிறது, நீரில் கரைந்திருந்த வளி குமிழியாகத் திரள்கிறது. 1947-ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர் இருவர் விரல் மூட்டினை இழுத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து இக்குமிழியைக் கண்டனர். 1971-இல் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் குமிழி உடைவதே ஓசைக்குக் காரணம் என்றனர். 2015-இல் கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் காந்த அதிர்வு அலைப்படக் கருவிக்குள் விரலைச் சொடுக்கச் செய்து பார்த்து, குமிழி தோன்றும் கணத்திலேயே ஓசை எழுகிறது, உடையும்போது அன்று என மறுத்துரைத்தனர். உரையாசிரியர்கள்தாம் ஒரு சொல்லுக்காக நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடுவார்கள் என்றிருந்தேன். அறிவியலாரும் நமக்கு இளைத்தவர் அல்லர். எவ்வாறாயினும் ஓசை வளியால் எழுவதே. ஒருமுறை சொடுக்கிய மூட்டில் ஏறத்தாழ இருபது நிமிடம் மீண்டும் ஓசை எழாமைக்கும், அவ்வளி மறுபடி கரையக் காலம் வேண்டும் என்பதே காரணம்.

எனவே ஓசை எழுந்தது என்பதற்காக 'விலகியது சேர்ந்துவிட்டது', 'நரம்புப் பிடிப்பு விட்டது' என்றெல்லாம் மகிழ்வதற்கு இடமில்லை. ஓசை மருந்தன்று, வளிக்குமிழி. சொடுக்கியபின் தோன்றும் இதம் மெய்யே. திடீரென நீட்டப்படும் தசைகள் சிறிது நேரம் இறுக்கம் தளர்கின்றன. அத்தளர்ச்சி நீடிப்பதில்லை. அரைமணியிலோ ஒருமணியிலோ இறுக்கம் திரும்புகிறது. கையும் தானாகத் தாடைக்குப் போகிறது. மருத்துவர் சொன்ன மற்றொரு கருத்தும் எண்ணத்தக்கது. தானே சொடுக்கிக்கொள்பவர் இறுகிய மூட்டினைத் தனியே பிடித்து அசைக்க இயலாது. ஏற்கெனவே தளர்ந்த மூட்டுதான் ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு ஓசை தருகிறது. இறுகியது இறுகியபடியே இருக்கத் தளர்ந்தது மேலும் தளர்கிறது.

இங்கே மாணவர் ஒருவர் என்னிடம் எழுப்பிய மறுப்பைக் குறிப்பிடல் வேண்டும். "ஐயா, அமெரிக்க மருத்துவர் ஒருவர் ஐம்பது ஆண்டுகள் சொடக்கு எடுத்தும் ஒன்றும் ஆகவில்லையே" என்றார். உண்மைதான். டொனால்ட் அங்கர் என்னும் கலிஃபோர்னிய மருத்துவர், இளமையில் அன்னையும் அத்தையரும் விரல் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என அச்சுறுத்தியதைச் சோதிக்க எண்ணினார். இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் இருமுறையேனும் சொடுக்கி, வலக்கையை விட்டுவைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை எனக் கண்டு 1998-இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். 2009-இல் நகைச்சுவைக்காக வழங்கப்பெறும் இக்-நோபல் பரிசும் பெற்றார். ஒருவரின் கையை வைத்து உலகத்தார் கைகளுக்கெல்லாம் முடிவு சொல்லலாகாது எனினும், விரல் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என்பதற்குச் சான்றில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்தும். ஆனால் அம்மருத்துவர் சொடுக்கியது விரலை. விரலுக்குள் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஓடவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் பல்லாண்டுகள் எண்ணவில்லை.

கழுத்தின் அமைப்பு வியப்புக்குரியது. மனிதனுக்குக் கழுத்து முள்ளெலும்புகள் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே. மேலுள்ள முதல் எலும்பும் இரண்டாம் எலும்பும் கூடுமிடத்தில்தான் தலை திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி நிகழ்கிறது. இந்த எலும்புகளின் பக்கவாட்டில் ஊசிக்காது போன்ற துளைகள் உண்டு. அத்துளைகளினூடே, நூல் கோத்தாற்போல், இருபுறமும் ஒவ்வொரு தமனி மேலேறுகிறது. ஆறாம் எலும்பில் நுழைந்து முதல் எலும்பு வரை ஏறி, அங்கே பின்புறமாக வளைந்து மண்டையோட்டுக்குள் புகுகிறது. நடையின் சீரைக் காக்கும் சிறுமூளைக்கும், மூச்சையும் விழுங்குதலையும் ஆளும் மூளைத்தண்டுக்கும் குருதி தருவது இவ்விணைத் தமனியே. முன்புறத்தில் இரு பெருந்தமனிகள் வேறு உள்ளன. மூன்று, நான்கு, ஐந்தாம் எலும்புகளின் மட்டத்திலிருந்து புறப்படும் நரம்பு, மூச்சுக்கு அடிப்படையான உதரவிதானத்தை இயக்குகிறது. குர்ஆன் தமிழாக்கங்களின் வழியே 'பிடரி நரம்பு' என்னும் சொல் நமக்குப் பழகிய சொல். உயிருக்கு மிக நெருக்கமானதைச் சுட்ட அச்சொல் ஏன் வேண்டப்பட்டது என்பதைக் கழுத்தின் படத்தைக் கண்டபோதுதான் நான் முழுதும் உணர்ந்தேன். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் பிடரியை உயிர்நிலை இடங்களுள் ஒன்றாகவே எண்ணுவர்.

தலையை ஓர் எல்லைக்கு மேல் திடீரெனத் திருகும்போது இத்தமனி இழுபடுகிறது. அரிதாக அதன் உட்சுவர் கிழிகிறது. கிழிந்த இடத்தில் குருதி புகுந்து உறைகிறது. உறைந்த துணுக்கு பெயர்ந்து மூளைக்குச் சென்றாலோ, குழாயே அடைபட்டாலோ பக்கவாதம். பக்கவாதம் முதியோர் நோய் என்பது நம் எண்ணம். ஐம்பது வயதுக்கு உட்பட்டோர்க்கு வரும் பக்கவாதத்திற்குக் கழுத்துத் தமனிக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆதலின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இது மிக அரிய நிகழ்ச்சி. மேலைநாட்டுக் கணக்கீடுகளின்படி எல்லாக் காரணங்களாலும் நேரும் கழுத்துத் தமனிக் கிழிசலே ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்குத்தான் நேர்கிறது. கழுத்தைத் திருகி மருத்துவம் செய்வதற்கும் இதற்கும் தொடர்பு காணப்படுகிறது என்றும், அதுவே காரணம் என்று உறுதிப்படவில்லை என்றும் அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிக்கை வெளியிட்டது. கிழிசல் முன்னமே தொடங்கிவிட்டவருக்குக் கழுத்துவலி இருக்கும். அவ்வலிக்காகவே அவர் கழுத்தைத் திருகக் கொடுத்திருக்கலாம் என்பது அவ்வறிஞர்கள் காட்டும் ஐயம். நேர்மையான ஐயம். ஆயினும் இடர் உண்டென்பதை நோயாளிக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்றும் அதே அறிக்கை வற்புறுத்துகிறது. பயின்ற மருத்துவருக்கே இவ்விதி எனில், தேர்வறையில் தன் தலையைத் தானே திருகிக்கொள்ளும் மாணவருக்கு யார் அறிவிப்பது? 2019-இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் வீட்டில் கழுத்துவலி தீரக் கையால் கழுத்தை அழுத்தி நீட்டினார், ஓசை கேட்டது, சற்று நேரத்தில் உடலின் இடப்பக்கம் மரத்துப் போயிற்று. தமனி கிழிந்து பக்கவாதம் நேர்ந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின.

நம் ஊர்களில் இதனினும் பெரிய இடம் ஒன்று உண்டு. அது முடிதிருத்தும் நிலையம். முடிவெட்டி, முகம் மழித்து, படிகாரம் தடவியபின் தலையை இரு கைகளாலும் தட்டித் தேய்த்து, இறுதியில் தாடையைப் பிடித்து வலப்புறம் ஒரு சொடுக்கு, இடப்புறம் ஒரு சொடுக்கு. இதற்குத் தனிக்கூலி இல்லை. கேட்காமலே செய்யும் உபசாரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் நெருக்கடியான நேரத்தில்கூட இந்தச் சொடுக்கை மறக்காத தொழிலாளரை நான் அறிவேன். 'அந்தக் கடையில் நன்றாகச் சொடுக்கு எடுப்பார்கள்' என்பதற்காகவே இரண்டு தெரு தள்ளிச் செல்லும் பெரியவர்களும் நம் ஊரில் உண்டு. இதில் தொழிலாளரைக் குறை கூறுவது முறையன்று. தம் ஆசான் செய்ததைப் பார்த்துக் கற்றார், அன்பினால் செய்கிறார், வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கிறார். ஆனால் 2017-இல் தில்லியில் 54 வயதுடைய ஒருவருக்கு இவ்வாறு கழுத்தைப் பிடித்துச் சொடுக்கியபின் உதரவிதான நரம்பு பழுதுபட்டு, மூச்சுக்கருவியின் துணை தேவைப்பட்டது என்ற செய்தி வந்தது. 2024-இல் கருநாடக மாநிலம் பல்லாரியைச் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துவிட்டுக் கழுத்தைத் திருகியபின் கழுத்துத் தமனி கிழிந்து, பேச்சுத் தடுமாறி, இடப்பக்கம் வலுவிழந்தது. உறைவுத் தடுப்பு மருந்தால் அவர் தேறினார். இவையெல்லாம் ஆயிரம் கல் தொலைவில் நடந்தவை அல்ல. நம் கடைகளில் நாள்தோறும் நடக்கும் அதே செயலின் விளைவுகள்.

பெரியவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். எலும்பு தேய்ந்தவர், முடக்குவாதம் உள்ளவர், முன்பு தலையிலோ கழுத்திலோ அடிபட்டவர் ஆகியோர் பிறர் கையில் கழுத்தைக் கொடுத்தலே கூடாது. நீண்டகால முடக்குவாத நோயாளர்க்கு முதலிரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பே தளர்ந்திருக்கக்கூடும். 'கழுத்தைக் கொஞ்சம் சொடுக்கிவிடு' எனப் பேரனிடம் தலையைக் கொடுக்கும் பாட்டனார்கள் இதனைக் கருத வேண்டுகிறேன்.

கழுத்து ஏன் இறுகுகிறது என்று பாராமல் சொடுக்கை மட்டும் விலக்கச் சொல்வது பயனற்றது. தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதை நிமிர்த்தி வைத்திருக்கையில் கழுத்துக்கு அது ஒரு சுமையன்று. 2014-இல் வெளிவந்த ஒரு கணிப்பு, தலையை 60 பாகை குனியும்போது கழுத்தின் மேல் விழும் விசை 27 கிலோ எடைக்கு ஈடாகும் என்கிறது. கணித மாதிரியால் பெற்ற எண்ணே எனினும் உண்மையின் போக்கினைக் காட்டப் போதுமானது. கைப்பேசியில் ஆழ்ந்த மாணவர் எவ்வளவு குனிகிறார் என்று வகுப்பின் பின்வரிசையை நோக்கினால் தெரியும். கைப்பேசியை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. விடைத்தாள் கட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கும் நாங்களும், மத்ரஸாவில் தாழ்ந்த ரைஹால் பலகையின் முன் அமர்ந்து ஓதும் சிறாரும் அதே வளைவில்தான் இருக்கிறோம். பலகையைச் சற்று உயர்த்தினால் குனிவு குறையும். செலவில்லாத சீர்திருத்தம் இது. நம் மத்ரஸா நிருவாகிகள் செய்யலாம்.

மற்றபடி எனக்குச் சொல்லப்பட்டு நான் கைக்கொண்டவை மிக எளியவை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தொலைவில் நோக்குதல், தோள்களைப் பின்னோக்கி உருட்டுதல், முகவாயை உள்ளிழுத்துப் பத்து எண்ணும்வரை நிறுத்துதல், நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையும் கையும் ஒன்றையொன்று தள்ளுதல், வெந்நீர் ஒற்றடம். கழுத்தைத் திருப்பலாம், தானாக எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே, கையின் வலுவைச் சேர்க்காமல். பழக்கம் விட எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. முதல் மாதம் புகை விட்டவர் படும் பாடுதான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழுகையின் நிறைவில் ஸலாம் கொடுக்க முகத்தை வலமும் இடமும் திருப்புகிறோம். அமைதியாகச் செய்ய வேண்டிய அவ்வசைவையே வாய்ப்பாகக் கொண்டு, ஓசை எழும்வரை கழுத்தை வெட்டித் திருப்பும் இளைஞர்களைப் பள்ளிவாசலில் கண்டிருக்கிறேன். தொழுகையில் விரல்களை நெட்டி முறிப்பதையே விரும்பத்தகாத செயலாக மார்க்கச் சட்ட நூலோர் வகுத்துள்ளனர். கழுத்தைப் பற்றி அவர்கள் தனியே எழுதாமைக்குக் காரணம், இப்படியொரு பழக்கம் வரும் என்று அவர்கள் எண்ணாமையாகவே இருக்கும். தொழுகையை ஓர் உடற்பயிற்சியாக விளக்கி மலர்களில் கட்டுரை எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வணக்கம் வணக்கமாகவே இருக்கட்டும். அதனைச் சொடுக்கெடுக்கும் வாய்ப்பாக ஆக்குவதும் அதுபோன்றதே. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மேடையில் முழங்குகிறோம். கழுத்தும் அவ்வுடலில் சேர்ந்ததுதான்.

சொடுக்கியவர், சொடுக்காதவர் எவராயினும் அறிந்திருக்க வேண்டிய அறிகுறிகள் சில உள. முன்பு ஒருபோதும் இல்லாத வகையில் கழுத்தின் ஒருபக்கத்திலோ பின்தலையிலோ திடீர் வலி, தலைசுற்றலோடு நடை தள்ளாடுதல், பொருள் இரண்டாகத் தெரிதல், நாக்குழறல், விழுங்க இயலாமை, ஒரு கண்ணின் இமை மட்டும் தாழ்தல், முகமோ கைகாலோ ஒருபுறம் மரத்தல். இவை தோன்றினால் 'பிடிப்பு' எனக் கருதித் தைலம் தடவிப் படுக்க வைத்தலாகாது. மறுபடியும் சொடுக்கிப் பார்த்தல் அறவே ஆகாது. 108-ஐ அழைத்து, மூளைப்படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது. எனக்கு அறை சுழன்ற அன்று நான் உடனே செல்லவில்லை. மறுநாள் மாலைதான் சென்றேன். படித்தவன் செய்யும் பிழை அது.

எனக்கு இருபது ஆண்டுகளாக முடிதிருத்தும் நண்பரிடம் இவற்றையெல்லாம் சொல்லத் தயங்கினேன். அவர் உபசாரத்தைத் தட்டுவதாகுமோ என்ற கூச்சம். கடைசியில் ஒருநாள், "கழுத்து மட்டும் வேண்டாம் அண்ணே" என்றேன். "ஏன் சார், சுகமா இருக்குமே" என்றார். நரம்புப் படத்தை அவரது கடைக் கண்ணாடியிலேயே விரலால் வரைந்து காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "எங்க அப்பா காலத்துல இருந்து செய்யுறோம் சார், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. அவர் சொன்னது அவரளவில் உண்மை. அடுத்த மாதம் சென்றபோது எனக்கு முன் அமர்ந்திருந்த நம் கல்லூரி மாணவர் ஒருவரிடம், தோளைப் பிடித்துவிட்டபடியே, "தம்பி, கழுத்து எடுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். அம்மாணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். நான் இல்லாத நாளில் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது.